கல்லாற்றுக்கு மேலே காருக்குக் கண் இல்லை

கோவையில் மலைக்குப் போகும் பேச்சு காரில்தான் தொடங்குகிறது. "காலைல ஆறு மணிக்கு எடுத்தா எட்டரைக்கெல்லாம் மேல போயிரலாமுங்க. அந்த ரயில்ல யாருங்க அஞ்சு மணி நேரம் உக்காந்துட்டுப் போறது?" என்பார் ஒருவர். "அது சினிமாக்காரங்களும் வெளிநாட்டுக்காரங்களும் போற வண்டி" என்பார் இன்னொருவர். டிக்கெட்டே கிடைக்காது, கிடைத்தாலும் நமக்குக் கட்டாது என்பது மூன்றாமவரின் முடிவு. விவரம் அறிந்தவராகப் பேசுகிறவர் இன்னும் ஒரு படி மேலே போவார்: மலை ரயில் நட்டத்தில் ஓடுகிறது, அதைச் சொகுசு ரயிலாக்கி, கொடுக்க முடிந்தவரிடம் வாங்கிக்கொண்டால்தான் பிழைக்கும் என்று. வாய் நாலு என்றாலும் எண்ணம் ஒன்றுதான். மலையிடுக்குகளையும் கிடுகிடு பள்ளங்களையும் பார்ப்பது காசுள்ளவர் காரியம். காசு குறைந்தவர் பேருந்து ஜன்னலோடு நின்றுகொள்ள வேண்டும். கொங்கு நாட்டில் வேரூன்றிவிட்ட இந்த எண்ணம் முழுக்கத் தவறு. இதனால் நம் வீட்டு வாசலில் இருக்கும் ஓர் அரிய நிலத்தை நாமே பார்க்காமல் இருக்கிறோம். அதைச் சாதாரண மனிதருக்குக் காட்டுவதற்கென்று இருக்கும் ஒரே வண்டியையும் கைநழுவ விடுகிறோம்.

முதலில் அந்த நிலத்தைச் சொல்லவேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டர். இரண்டுக்கும் இடையிலான ஏற்றத்தில் மிகச் செங்குத்தான பகுதி கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது. குன்னூர்ப் பக்கத்திலிருந்தும் காட்டேரிப் பக்கத்திலிருந்தும் இறங்கும் ஓடைகள் பல யுகங்களாகப் பாறையை அறுத்து, மலையின் தென்கிழக்கு விளிம்பில் ஓர் ஆழமான பிளவை உண்டாக்கியிருக்கின்றன. ஒரு பக்கம் பக்காசுரன் மலை என்று ஊரார் சொல்லும் உலிக்கல் துர்க்கத்தின் பாறைச் சுவர். மறுபக்கம் சோலைக்காடும் தேயிலைச் சரிவும். அடியில் பாக்குத் தோப்பின் புழுக்கம் இருக்கும்போதே உச்சியில் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே முற்பகலில், ஒரே இருக்கையில் அமர்ந்தபடி, சமவெளி வெக்கையிலிருந்து குளிர்காடு வரை இத்தனை வகை நிலத்தையும் கடக்கும் வழி தென்னிந்தியாவில் அரிது. ஆந்திராவின் கண்டிக்கோட்டையை "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்று படம் பிடித்துப் போடும் நம் இளைஞர்கள் பலர் இந்தப் பிளவின் விளிம்பில் நின்றதே இல்லை. கண்டிக்கோட்டைக்கும் போகட்டும். கோவை வழியாகச் செல்லும் கன்னியாகுமரி–புனே ரயிலில் கடப்பாவில் இறங்கினால் அங்கிருந்து பேருந்தில் போகலாம். அதற்கும் கார் வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதைப் பாராமல் அதைப் பார்க்கப் போவதில் என்ன அவசரம்?

காரில் போனால் இந்தப் பள்ளத்தாக்கு தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும், துண்டு துண்டாக. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுகிறவர் கண் எதிரே வரும் லாரியின் மேல் இருக்கவேண்டும். இருக்கவில்லையென்றால் மற்றவர் கதி என்னவாகும்? பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முன்னால் போகும் வண்டியின் பின்புறமும், தடுப்புச் சுவரின் மேல் குரங்கும் தெரியும். பின்னால் இருக்கும் குழந்தைகளுக்கு வாந்தி. "நெனச்ச எடத்துல நிறுத்தலாமே" என்பது கார்க்காரர்களின் பெரிய வாதம். மலைப்பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது விதி. மீறி நிறுத்துகிறவர்களால்தான் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் தேங்குகின்றன. சிப்ஸ் பொட்டலத்துக்குப் பழகிய குரங்குகள் சாலையை விட்டு அகலாமல் அடிபட்டுச் சாகின்றன. பர்லியாறில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கும் அரசுப் பழப்பண்ணை ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. பழம் வாங்க அங்கே காரை நிறுத்துகிறவர்களில் எத்தனை பேர் எதிர்ச்சரிவை ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? சாலை மலையைக் கடப்பதற்காகப் போட்டது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. மலையைப் பார்ப்பதற்கு அது உதவாது.

ரயில் செய்வது வேறு. மேட்டுப்பாளையத்தில் நீராவி எஞ்சின் பின்னால் நிற்கும், பெட்டிகள் முன்னால். எஞ்சின் மலைமேல் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் புகையும் இல்லை, மறைப்பும் இல்லை. கல்லாற்றில் தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் வெட்டிய இரட்டை எஃகுப் பட்டைகள் தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறும். ஆப்ட் முறை என்று பெயர்; ஒரு பட்டையின் பல்லும் மறு பட்டையின் பல்லும் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருப்பதால் எந்த நேரமும் ஒரு பிடி இருக்கும். 12.28 அடி போனால் ஓரடி ஏற்றம். நீராவி முதலில் ஒரு ஜோடி உருளைகளில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, மிச்ச அழுத்தத்தோடு இன்னொரு ஜோடிக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்கும் இந்த எக்ஸ் வகை எஞ்சின்களை முதலில் செய்தது ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை. பிற்பாடு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாக எஞ்சின் செய்து ஓட விட்டார்கள். மோட்டாரும் பம்பும் வார்த்து வளர்ந்த கோவைக்காரனுக்கு அது எத்தனை பெருமை! நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, கைப் பிரேக்கைச் சுற்றியபடி, கொடி காட்டிப் பின்னாலிருக்கும் டிரைவருக்குச் சைகை கொடுக்கிறார். மணிக்கு 13 கிலோமீட்டர் தாண்டாத இந்த ஏற்றத்தையும் சேர்த்து மொத்தப் பாதைக்கு 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று கணக்குச் சொல்வார்கள்.

கணக்கைவிட முக்கியமானது இருக்கையில் கிடைப்பது. குகை இருட்டிலிருந்து வெளியே வந்தவுடன் கால்களுக்குக் கீழே தரை இருக்காது. கல் தூண்கள் தாங்கும் பாலமும், அதற்கடியில் ஓடை விழும் சத்தமும்தான் இருக்கும். அடுத்த வளைவில் ரயில் தன்னையே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளையும். கடைசிப் பெட்டியில் இருப்பவர் முதல் பெட்டிக்காரருக்குக் கை அசைப்பார். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று பெயர்ப் பலகைகள் வரும். எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் நேரத்தில் எல்லோரும் இறங்கிக் கால் நீட்டுவார்கள். எதிர்ச்சரிவில் கொண்டை ஊசி வளைவுகள் ஒரு கீறலாகத் தெரியும். காரில் போகிறவர் எந்தப் பள்ளத்தை ஒட்டிப் போகிறார் என்பது அவருக்கே தெரியாதபோது, ரயிலில் இருப்பவருக்குத் தெரிகிறது. ஐந்து மணி நேரம் வீண் என்கிறவர்கள் இந்த நேரத்தைப் பயண நேரத்தில் எழுதுகிறார்கள், பிழை அங்கேதான். ஊட்டி ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதையும், தாவரவியல் பூங்கா வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடுவதையும் "சுற்றிப் பார்த்தோம்" என்று கணக்கில் வைக்கிறவர்கள், பள்ளத்தாக்கை நேராகப் பார்த்துக்கொண்டே ஏறும் நேரத்தை மட்டும் ஏன் கழிக்கிறார்கள்? ஊர் சேர்வது இந்த ரயிலுக்கு இரண்டாம் வேலை.

"வெள்ளைக்காரன் தனக்காகப் போட்ட பாதைதானே" என்ற வாதமும் உண்டு. 1854-இலேயே பேச்சு எழுந்து, 1891-இல் வேலை தொடங்கி, 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்தது. கோடைத் தலைநகருக்கு அதிகாரிகள் வேர்க்காமல் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் நோக்கம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாதை யாருடையது என்பதைப் போட்டவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாறையை உடைத்தது யார்? அந்தக் கல்லைச் சுமந்தது யார்? குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்களில் ஏறியிறங்கியவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போனவர்கள். மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சி எடுத்த கேத்தி நிலையம் தமிழர் நினைவில் நிற்கிறது. அந்த நடைமேடையில் காய்கறி மூட்டையோடு காத்திருந்தவர்களின் நினைவு எந்தப் படத்திலும் இல்லை. நூறாண்டுக்கு மேலாக உள்ளூர் மக்கள் பயணம் செய்து தமதாக்கிக்கொண்ட வண்டி இது. போட்டவனைக் காட்டி அவர்களிடமிருந்து பிடுங்குவது நியாயமா?

காசுக்கு வருவோம். கோவையிலிருந்து ஊட்டிக்குக் காரில் போய்வந்தால் 170 கிலோமீட்டருக்கு மேல். மலை ஏற்றத்தில் மைலேஜ் சரியும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். பெட்ரோலுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. வாடகை வண்டியென்றால் அது பல மடங்கு. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பயணிகள் ரயிலில் கட்டணம் பத்து ரூபாய். வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று நின்று போகும் அந்த வண்டியில் குருடிமலை ஒரு பக்கமாகக் கூடவே வரும். அந்தப் பத்து ரூபாய்க்கு அதுவே போதும். மலை ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கை முந்நூறு ரூபாய் அளவில். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இன்னும் சாகவில்லை. ஏறும்போது டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறி, மதியம் ஊட்டியிலிருந்து கிளம்பும் ரயிலில் இறங்கலாம். இறக்கத்தில் மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து சாயங்கால வண்டியில் கோவை. பற்சக்கரப் பகுதிக்கு இடமே இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி ரயில்கள் தினமும் பல முறை ஓடுகின்றன. கேத்திப் பள்ளத்தாக்கு அதில் தெரியும். காலையிலேயே ஏற விரும்புகிறவருக்குச் சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விடிகாலையில் கோவையைத் தொட்டு அது மேட்டுப்பாளையம் சேர்ந்த பிறகே மலை ரயில் புறப்படும். ஒரு மில் தொழிலாளி குடும்பத்துக்கு எட்டாத செலவு இதில் எங்கே இருக்கிறது?

எட்டாமல் செய்வது வேறொன்று. டிக்கெட் கிடைக்காது என்ற புகார் உண்மை. மலை ஏறும் வழக்கமான ரயில் நாளுக்கு ஒன்று. பெட்டிகள் கைவிரல் எண்ணிக்கைக்குள். முன்பதிவு திறந்த வேகத்தில் இடம் தீர்ந்துபோகிறது. முன்பதிவில்லா இருக்கைக்காக மேட்டுப்பாளையத்தில் விடியுமுன் வரிசை நின்ற காலம் இருந்தது. அந்த வரிசையில் நின்றவரிடம் பணம் குறைவாக இருந்தது, நேரம் இருந்தது. அவருக்கும் ஓர் இடம் இருந்தது. இன்று இடம் கிடைப்பது கணினியும் வேகமான இணைப்பும் உள்ளவருக்கு. 2018-இல் கட்டணத்தையும் ஒரேயடியாகப் பல மடங்கு உயர்த்தினார்கள். 2020 டிசம்பரில், கொரோனாவுக்குப் பின் வழக்கமான ரயில் திரும்பாதிருந்த வேளையில், தனியார் ஒருவர் மொத்தமாக வாடகைக்கு எடுத்துத் தலைக்கு 3,000 ரூபாய்க்கு இதே பாதையில் ரயில் ஓட்டினார். ஊரே கொதித்தது. தனியாருக்கு விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டோம் என்று ரயில்வே விளக்கம் சொன்னது. அந்த விளக்கம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஊர்க்காரருக்கு வண்டி இல்லாத நேரத்தில் 3,000 கொடுப்பவருக்கு வண்டி இருந்தது என்பதுதான் விஷயம். "இதுதான் வழி, இப்படித்தான் பிழைக்கும்" என்று அப்போது தலையாட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு. இடம் கிடைக்காமல் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்புகிற ஒரு வண்டியைப் பார்த்து, பயணிகளைக் குறைத்துக் கட்டணத்தைக் கூட்டலாம் என்று தோன்றுவது எப்படி? பெட்டியைக் கூட்டலாம் என்றல்லவா தோன்றவேண்டும்?

1999-இல் டார்ஜிலிங் ரயிலுக்குக் கிடைத்த உலகப் பாரம்பரியத் தகுதி 2005-இல் நீலகிரி ரயிலுக்கும் விரிந்தது. அந்தத் தகுதி வெறும் பழைய எஞ்சினுக்குக் கொடுத்ததில்லை. புதுவகைப் போக்குவரத்து ஒன்று பல இன மக்கள் வாழும் ஒரு மலைப்பகுதியின் சமூக, பொருளாதார வாழ்வை எப்படி வளர்த்தது என்பதற்குச் சான்றாகத்தான் யுனெஸ்கோ இதை ஏற்றது. அந்த மக்களை இறக்கிவிட்டு எஞ்சினை மட்டும் காப்பாற்றினால், காப்பாற்றுவதற்கான காரணமே போய்விடுகிறது. இலங்கையின் மலையகத்தைப் பாருங்கள். 1924-இல் பதுளை வரைக்கும் போன பாதை அது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் தோட்டத் தமிழர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறியிறங்குகிறார்கள், அதே ரயிலில் உலகம் முழுவதிலுமிருந்து வந்த பயணிகள் கதவோரம் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். ஒருவர் இருப்பதால் மற்றவருக்கு எந்தக் குறையும் வரவில்லை. மெக்சிகோவில் 1961-இல் திறந்த செப்பே ரயில் இன்னும் பெரிய உதாரணம். வட அமெரிக்காவின் மிக ஆழமான பள்ளத்தாக்குகள் சிலவற்றின் விளிம்பில், 86 குகைகள் வழியாக ஓடும் பாதை. அங்கே சொகுசு ரயில் தனியாக வந்த பிறகும் சாதாரண ரயிலை நிறுத்திவிடவில்லை. அந்த மலையின் பூர்வகுடிகளான ராராமுரி மக்கள் வாழும் ஊர்கள் வழியாக அதுவும் ஓடுகிறது. ஊட்டிக்குச் சொகுசுப் பெட்டி ஒன்று வேண்டுமென்றால் சேர்க்கட்டும். சாதாரணப் பெட்டியைக் கழற்றிவிட்டு அதைச் சேர்ப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

நட்டம் என்ற சொல்லை எடுத்தவுடன் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். அடங்க வேண்டியதில்லை. அதே பள்ளத்தாக்கில் ஓடும் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலை எந்த ஆண்டு லாபம் காட்டியது? 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தபோது சாலையும் போனது, தண்டவாளமும் போனது. இரண்டையும் அரசுப் பணத்தில்தான் சரிசெய்தார்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் மண் சரிகிறது, தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள், வளைவை அகலப்படுத்துகிறார்கள். அந்தச் செலவைக் கட்டமைப்பு என்கிறோம். ரயிலுக்குப் போகும் செலவை மட்டும் நட்டம் என்கிறோம். காரில் போகிறவருக்காக அரசு செய்யும் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை, ரயிலில் போகிறவருக்காகச் செய்யும் செலவு ஆண்டறிக்கையில் ஒரு வரியாக இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். மழைக்காலத்தில் ரயிலை நிறுத்திவிடுகிறார்களே என்று குறைசொல்கிறவர்களுக்கும் இதே பதில். சரியும் மலையில் மழைக்கு வண்டியை நிறுத்துவது பொறுப்புள்ள செயல்.

ரயிலின் பேரில் எல்லாவற்றையும் நியாயப்படுத்த நான் வரவில்லை. 2022-இல் மலைப்பாதையை ஒட்டி ரயில்வே கட்டிய சுவரால் குட்டிகளோடு வந்த யானைக் கூட்டம் வழி அடைபட்டுத் தவித்த காட்சியை எல்லோரும் பார்த்தோம். எதிர்ப்புக்குப் பிறகு சுவரை இடித்தார்கள். 2021 நவம்பரில் கோவை–பாலக்காடு பாதையில் நவக்கரை அருகே வேகமாக வந்த ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. காட்டுக்குள் ஓடும் தண்டவாளம் விளையாட்டுப் பொருளில்லை. அதனால்தான், சத்தியமங்கலம் காட்டை ஊடுருவிச் சாமராஜநகருக்கு ரயில் விட வேண்டும் என்று நம் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழும் கோரிக்கையை நான் ஏற்பதில்லை. புலியும் யானையும் கழுகும் வாழும் அந்தக் காட்டில் புதிதாகப் பாதை வேண்டாம். இருக்கும் பாதையில், மணிக்கு 13 கிலோமீட்டரில் போகும் வண்டியைக் காப்பாற்றினால் போதும். யானை கடக்கும்வரை நிற்கத் தெரிந்த வேகம் அது.

சத்தியமங்கலம் பக்கத்தில் இருப்பதுதான் உண்மையில் பெரிய பிளவு. நீலகிரிக்கும் மைசூர் பீடபூமிக்கும் நடுவே மாயாறு அறுத்துக்கொண்டு போகும் இடுக்கு சுமார் 20 கிலோமீட்டர் நீளம். அதன் கீழ்ப்பகுதியில் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. இந்தியா முழுவதும் அழிந்துகொண்டுவந்த அந்தப் பறவைக்குத் தென்னாட்டில் மிஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் அது ஒன்று. ஜீப் சவாரிக்குத் திறந்துவிட்டால் சுற்றுலா பெருகும் என்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு: அதைப் பார்க்க உள்ளே போகவே வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து கோத்தகிரிக்குப் பேருந்து, கோத்தகிரியிலிருந்து கோடநாட்டுக்கு இன்னொரு பேருந்து. காட்சிமுனையில் நின்றால் ரங்கசாமித் தூண் தெரியும், மாயாறு நெளிந்து ஓடுவது தெரியும், பரிசலில் ஆற்றைக் கடந்தே போகவேண்டிய தெங்குமரஹாடா கிராமம் தெரியும், வானம் தெளிந்திருந்தால் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். முழுச் செலவும் கோவையில் ஒரு குடும்பம் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் செலவைத் தாண்டாது.

அந்த நீர்ப்பரப்பில்தான் கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தப் பள்ளங்களோடு இருக்கும் உறவு இருக்கிறது. கல்லாற்றுப் பள்ளத்தின் தண்ணீர் மேட்டுப்பாளையத்தில் பவானியில் விழுகிறது. மாயாறு பவானிசாகரில் வந்து கலக்கிறது. 1955-இல் கட்டிமுடித்த அந்த அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கரை நனைக்கிறது. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதைத் தினமும் காலையில் செய்தித்தாளில் தேடுகிற விவசாயிகள் ஈரோடு மாவட்டம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் வயலுக்கு வரும் தண்ணீர் எந்தப் பாறையை அறுத்து, எந்தச் சோலையின் வேரில் ஊறி, எந்தப் பள்ளத்தில் விழுந்து வருகிறது என்பதை அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சோலை போனால் ஓடை போகும் என்பதை மேடையில் சொல்லிக் கேட்பதற்கும், ரன்னிமேட்டில் ரயில் நிற்கும்போது ஒரு பக்கம் ஈரம் சொட்டும் சோலையையும் மறுபக்கம் மொட்டையான சரிவையும் பார்ப்பதற்கும் நிறைய தூரம். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகும் பணத்தில் பாதிக்கு இதைக் காட்டலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024-இல் நடந்த வழக்கில், கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் வருவதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. அதில் பாதிக்கு மேல் கார்கள். அந்த மே மாதத்தில் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்துக்கு இந்தத் தடை இல்லை, ரயிலுக்கும் இல்லை. இ-பாஸால் வியாபாரம் போயிற்று என்று கூச்சலிடுகிறவர்கள், காரைக் குறைத்துவிட்டு மனிதரைக் குறைக்காமல் இருக்கும் வழியை ஏன் கேட்கவில்லை? நாலு பேருக்கு ஒரு கார் என்று மலையேறினால் எந்த வரம்பும் போதாது. ஒரு மலை ரயிலால் 20,000 வண்டிகளை ஈடுகட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். நெரிசலுக்கு மருந்தாக நான் ரயிலைச் சொல்லவில்லை. அந்த மருந்து பேருந்துதான்: மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலேயே, ரயில் வந்தவுடன், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பேருந்து நிற்க வேண்டும். ரயிலின் வேலை பள்ளத்தாக்கைக் காட்டுவது. அதை வேறெதனாலும் செய்ய முடியாது.

கேட்பது அதிகமில்லை. கோடையிலும் விடுமுறையிலும் சிறப்பு ரயில் என்று பெரிய கட்டணத்தில் விடுவதைச் சாதாரணக் கட்டணத்தில் விடட்டும். ஒவ்வொரு ரயிலிலும் குறைந்தது ஒரு பெட்டி முன்பதிவில்லாப் பெட்டியாக இருக்கட்டும். அதன் டிக்கெட் அன்றைக்குக் காலையில் மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் ஜன்னலில் மட்டும் விற்கட்டும். அரசுப் பள்ளிகளுக்கு வார நாட்களில் ஒரு பெட்டி ஒதுக்கட்டும். பொன்மலையில் எஞ்சின் செய்யத் தெரிந்த கைகளுக்கு இன்னும் நாலு பெட்டி கட்டத் தெரியாமல் போகாது.